பட்டறைப் பதில்கள்: மலையேறும்போது கழன்றுவிடும் டர்போ ஹோஸ்

கேள்வி: என்னுடைய டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த டீசல் காருக்கு எட்டு வயதாகிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்ததால் சிலிகோன் ஹோஸ் போட்டேன். அதன்பிறகு திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது இரண்டு முறை ‘படார்’ என்று கழன்றுவிட்டது. கறுப்புப் புகை கக்கியது, வண்டியில் இழுவையே இல்லை. கிளிப்பை எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. எல்லா இடத்திலும் டி-போல்ட் கிளாம்ப் (போல்ட்டும் நட்டும் கொண்டு இறுக்கும் உறுதியான பட்டை) போடச் சொல்கிறார்கள். செலவைக் குறைக்க வழி உண்டா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: உண்டு. எல்லா இடத்திலும் போட வேண்டியதில்லை. காற்று போகும் வழியை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவரை உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே இரண்டு இணைப்புகள். டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் என்று போவது அழுத்தம் ஏறும் பக்கம். உங்கள் வண்டியில் நடுவே உலோகக் குழாய் இல்லையென்றால் அங்கே நான்கு இணைப்புகள்தான். காசு அந்த நான்குக்கு மட்டும் போகட்டும்.

உறிஞ்சும் பக்கத்துக்குத் திருப்புளியால் முறுக்கும் சாதாரண ஹோஸ் கிளிப், 12 மில்லிமீட்டர் அகலப் பட்டை உள்ளது, தாராளமாகப் போதும். விலை குறைந்த இடம் என்பதற்காக அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அங்கே இடைவெளி இருந்தால் சத்தமே வராது. ஃபில்டரைத் தாண்டிவிட்ட இடம் என்பதால் ரோட்டுப் புழுதி நேராக உள்ளே போகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ இறக்கைகளை அந்த மண் அரித்துத் தின்றுவிடும். இரண்டு கிளிப்பைச் சரிபார்க்காததால் டர்போவையே மாற்ற நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆறாத வருத்தம்.

இனி அழுத்தப் பக்கம். 50 மில்லிமீட்டர் குழாயில் ஒன்றரை பார் அழுத்தம் ஏறினால் ஹோஸைக் குழாயிலிருந்து பிடுங்கும் விசை ஏறக்குறைய 30 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிடக் கூடுதல். 63 மில்லிமீட்டர் குழாயானால் 48 கிலோ. மலையேற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்கும்போது இந்த இழுப்பு விடாமல் இருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது கழலாத ஹோஸ் திம்பத்தில் கழல்வது இதனால்தான்.

கூடுதலாக முறுக்குவது ஏன் பயன்படவில்லை? பட்டறை தொடங்கிய புதிதில் நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். பட்டையில் வரிசையாகத் துளை வெட்டிய மலிவான கிளிப்பைச் சிலிகோன் ஹோஸில் போட்டு, இனி முறுக்க முடியாது என்கிற அளவுக்கு முறுக்கி அனுப்பினேன். கொல்லிமலை ஏறும் வழியில் அந்தக் குடும்பம் குழந்தைகளோடு வெயிலில் நின்றது. போய்க் கழற்றிப் பார்த்தேன். இடியாப்ப அச்சில் மாவு பிதுங்குவதுபோல ஒவ்வொரு துளை வழியாகவும் சிலிகோன் பிதுங்கி, நுனி அறுபட்டிருந்தது. விரலால் தடவியபோது துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. குழாயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். சிலிகோன் மென்மையானது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டதும் மேலும் அமுங்கிவிடும். பட்டை அதே இடத்தில் நிற்கும், அடியில் பிடி போய்விடும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் குழாயின் முனையைப் பாருங்கள். சுற்றிலும் சிறு மேடு இருக்க வேண்டும். ஹோஸைத் தடுத்து நிறுத்துவதில் பாதி வேலை அந்த மேட்டுடையது. வழவழப்பான வெறும் குழாய் என்றால் எந்த விலை கிளாம்பும் காப்பாற்றாது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து, சுற்றிலும் மெல்லிய வெல்டு மேடு எழுப்பி, அரத்தால் கூர்மையை நீக்கச் சொல்லுங்கள். பிறகு குழாயின் வெளிப்புறத்தையும் ஹோஸின் உட்புறத்தையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், சிலிகோனை ஊதவைத்துவிடும். மாட்டும்போது வழுக்கலுக்காக கிரீஸ் தடவும் பழக்கத்தையும் விடுங்கள். கிளாம்ப் மேட்டின் மேல் உட்காரக் கூடாது, மேட்டைத் தாண்டி உட்புறமாக உட்கார வேண்டும். ஹோஸின் ஓரத்திலிருந்து நான்கைந்து மில்லிமீட்டர் தள்ளியிருக்கட்டும்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 63 மில்லிமீட்டர் ஹோஸ் என்று சொல்லி 63 கிளாம்ப் கேட்பார்கள். அது ஹோஸின் உள் அளவு. கிளாம்ப் பிடிப்பது வெளிப்புறத்தை. ஹோஸைக் குழாயில் மாட்டியபின் சுற்றிலும் ஒரு நூலைச் சுற்றி, நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நூல் 226 மில்லிமீட்டர் வந்தால் விட்டம் 72. அப்போது 68–76 என்று பொறித்த கிளாம்ப் சரியானது, 72 அதன் நடுவில் விழுகிறது. அளவு கடைசி எல்லையில் விழுந்தால் போல்ட் முழுவதும் இறங்கிய பிறகும் பிடி இராது.

அந்த நான்கு இடங்களுக்கும் துளையில்லாத, ஓரம் மடிக்கப்பட்ட பட்டை கொண்ட டி-போல்ட் கிளாம்ப் வாங்குங்கள். ஸ்பிரிங் வைத்தது விலை கூடுதல். ஒன்று வாங்க முடிந்தாலும் டர்போ வாயிலுக்கு வையுங்கள், அங்கேதான் சூடு அதிகம். நான்குக்கும் கையில் பணமில்லையென்றால், உட்புறம் தனிப்பட்டை வைத்த ஹோஸ் கிளிப்பை இன்டர்கூலருக்குப் பின் உள்ள இரண்டு இடங்களில் போடலாம். துளையிட்ட பட்டையை மட்டும் சிலிகோன் பக்கம் கொண்டுவராதீர்கள்.

போல்ட் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெரும்பாலும் 10 எண் ஸ்பேனரால், கையாலேயே முறுக்குங்கள். காற்றழுத்தத்தால் முறுக்கும் துப்பாக்கி போட்டால் ஸ்டெயின்லெஸ் மரை சிக்கிக்கொண்டு போல்ட் அறுந்துவிடும். பட்டையின் இரு ஓரத்திலும் ஹோஸ் புடைக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின், இன்ஜின் ஆறிய நிலையில் ஒருமுறை சரிபார்த்துக் கொஞ்சம் இறுக்குங்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்ற கிளிப்பில் காந்தம் ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. ஸ்டெயின்லெஸில் 430 என்னும் வகையில் காந்தம் நன்றாக ஒட்டும். பட்டையில் உள்ள பொறிப்பைப் படியுங்கள். ‘டபிள்யூ 1’ என்றால் முழுவதும் துத்தநாக முலாம் பூசிய இரும்பு. ‘டபிள்யூ 2’ என்றால் பட்டையும் திருகைத் தாங்கும் கூடும் ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் முலாம் பூசிய இரும்பு. ‘டபிள்யூ 4’ முழுவதும் ஸ்டெயின்லெஸ். உங்கள் ஊர் உப்புக் காற்றில் டபிள்யூ 2 கிளிப்பின் திருகுதான் முதலில் துருப்பிடிக்கும். பட்டை பளபளவென்று இருக்கும், கழற்றப் போனால் திருகின் தலை உதிரும். சற்றே கூடுதலாகக் கொடுத்து டபிள்யூ 4 வாங்குங்கள்.

கேள்வி: இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நீர் ஊற்றிப் பார்த்தேன். நுரையே வரவில்லை. ஆனால் ஓட்டும்போது ‘உஸ்’ என்று சத்தம் வருகிறது.
– வாசகர், நாமக்கல்

பதில்: வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது டர்போ சொல்லும்படியான அழுத்தம் கொடுப்பதில்லை, அதனால் நுரை வராது. இன்ஜினை நிறுத்துங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயில் அளவான பிவிசி மூடியைச் செருகிக் கிளிப் போடுங்கள். மூடியில் முன்பே ஒரு டயர் வால்வு பொருத்தியிருக்க வேண்டும். கால் பம்பால் 10 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். இப்போது சோப்பு நீர் ஊற்றினால் ஓட்டை உள்ள இணைப்பு கொப்பளிக்கும். ஆயில் ஊற்றும் வாய்ப்பக்கம் இலேசாகக் காற்று வரும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது இன்ஜின் வழியாகச் சுற்றி வருவது.