அனோரெக்ஸியாவுக்கு (எடை கூடுமென்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய்) மூன்று வாரமாகச் சிகிச்சையில் இருக்கும் மகளுக்கு மாதவிடாய் வரவில்லை, தைராய்டும் குறைவு. ஹார்மோன் மாத்திரை கேட்டு வாங்கலாமா?

நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். நான் டாக்டர் இல்லை. இதே நோய்க்காக மதுரையில் ஒரு மருத்துவமனையில் தங்கச்சிக்குத் துணையாக ஏழு வாரம் தங்கியிருந்த அக்கா.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம். தவக்காலத்தில் அவள் மீனையும் கறியையும் விட்டாள். வருஷா வருஷம் நடப்பதுதான் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஈஸ்டர் முடிந்தும் தொடவில்லை. பிறகு சோறும் போனது. சித்திரை வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு குளிருது என்பாள். முதுகெல்லாம் பூனைமுடி. பீரியட்ஸ் நின்று நாலு மாசமானதை அம்மாவிடம் சொல்லவே இல்லை. சிலர் ஓரியூர் தேவாலயத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள், சிலர் ஏர்வாடி தர்காவுக்கு. நாங்கள் போனது ஒரு கிளினிக்குக்கு. அங்கே தைராய்டு மாத்திரையும் பீரியட்ஸ் வரவைக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் வந்தது. அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அந்த ரத்தம் மாத்திரை வரவைத்தது, அவள் உடம்பு வரவைத்ததல்ல என்று மதுரையில்தான் தெரிந்தது. இரண்டு மாசம் வீண்.

உடம்பில் கொழுப்பு கரைந்தால் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பஞ்ச காலம் என்று மூளையில் இருக்கும் ஹைப்போதாலமஸ் முடிவுகட்டிவிடுகிறது. அதன் தூண்டுதல் இல்லாமல் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, சினைப்பையைத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் சரியாக வராது. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜனும் சுரக்காது. டாக்டர் படம் போட்டு விளக்கியதை அப்பா ஒரே வரியில் முடித்தார்: "டோக்கன் குடுக்கல, அதான் போட்டு கெடக்கு. போட்டுல பழுதில்ல." மீன்துறை டோக்கன் தராத நாளில் விசைப்படகு கரையில் கிடப்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்.

தைராய்டும் அப்படித்தான். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். தைராய்டு ஹார்மோனான டி3 குறைந்து, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் சரியாக இருந்தால், அநேகமாக உடம்பு சிக்கனம் பிடிக்கிறது என்று பொருள். அதற்கு மாத்திரை போட்டால் இருக்கிற எடையும் கரையும், ஏற்கெனவே மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கும் பாரம். உடம்பு நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மட்டும் இவளுக்கு எதிர்த்திசையில் ஏறிக் கிடந்தது. பசியைத் தூண்டும் கிரெலினும் இந்த நோயில் கூடித்தான் இருக்குமாம். "பசிக்கல அக்கா" என்று அவள் சொன்னதையெல்லாம் நம்பியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பெரிய சண்டை சாப்பாட்டில்தான். அம்மா தூக்குவாளியில் ஊளி மீன் குழம்பு கொண்டுவந்தார். நர்ஸ் வாங்கி வைத்துவிட்டார். அளந்து அளந்து கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள், சில நாளுக்கு ஒருமுறை கூட்டினார்கள். பட்டினி கிடந்தவளை இவர்களும் பட்டினி போடுகிறார்களா என்று கத்தினேன். காய்ந்த உடம்பில் திடீரென்று சோறு விழுந்தால் இன்சுலின் எகிறும், அது ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தை செல்லுக்குள் தள்ளிவிடும், இதயத்துடிப்பே தடுமாறலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். அதற்காகத்தான் முன்கூட்டியே தயமின் (வைட்டமின் பி1) கொடுத்ததும் தினமும் ரத்தம் எடுத்ததும். வெளியிலிருந்து எதையும் ஒளித்துக் கொண்டுபோய் ஊட்டாதீர்கள். நான் ஒருமுறை செய்யப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது, மூன்றாவது வாரம் கால் வீங்கியது. ராத்திரி வேர்த்து விரிப்பெல்லாம் நனைந்தது. கூடிய எடை முதலில் வயிற்றைச் சுற்றித்தான் சேர்ந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்துத் தட்டை எறிந்தாள், என்னையும் அடித்தாள். அப்படி ஒரு கட்டம் வரும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது. எடை நிலைத்த பிறகு, மாதக்கணக்கில், வயிற்றுச் சதையும் பரவிச் சீரானது.

டி3, கார்ட்டிசால் இரண்டும் எடையோடு சேர்ந்து சரியாகிக்கொண்டே வந்தன. பீரியட்ஸ்தான் கடைசி. வீட்டுக்கு வந்து ஐந்து மாசம் கழித்து, எந்த மாத்திரையும் இல்லாமல் வந்தது. உங்கள் மகளுக்கு மூன்று வாரம்தானே ஆகிறது. எத்தனை கிலோவில் வந்தது என்று மட்டும் எழுத மாட்டேன். இந்த நோய் உள்ளவர்கள் யாராவது படித்தால் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள்.

டாக்டரிடம் கேட்பதாக இருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனைப் பற்றிக் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாதங்களில் எலும்பு தேய்கிறது. கருத்தடை மாத்திரை போட்டு அதைக் காப்பாற்ற முடியாதாம். சிலருக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை பற்றி யோசிப்பார்கள், அது டாக்டர் முடிவு. இவளுக்கு எடை ஏறுவதையே மருந்தாக வைத்து, கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டும் கொடுத்தார்கள். முதல் ஸ்கேனில் இடுப்பெலும்பு வயசுக்கு இருக்க வேண்டிய அடர்த்தியில் இல்லை. அடுத்தது தை மாசம் எடுக்க வேண்டும்.