அக்காவும் நானும், இன்னும் போகாத லடாக்கும்

கேள்வி: “எனக்கும் என் அண்ணனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். சண்டை எதுவும் கிடையாது, ஆனால் பேசவும் ஒன்றும் கிடையாது. வளர்ந்து பெரியவர்களான பிறகு உடன்பிறந்தவரோடு நெருக்கமாக முடியுமா? உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா?”

நடந்திருக்கிறது. மனம் திறந்து உட்கார்ந்து பேசியெல்லாம் நடக்கவில்லை. லடாக்கில் ஆடு என்ன தின்னும் என்று பேசப் போய் நடந்தது.

எனக்கும் அக்காவுக்கும் பத்து வயது இடைவெளி. நான் ஆறாவது படிக்கும்போது அவர் கல்யாணமாகிக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு வருவார், போவார். வந்தால் எனக்குத் தின்பண்டம், போகும்போது கையில் காசு. நான் வளர்ந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கை மாறியது, அவ்வளவுதான்; காசு கொடுப்பது நானானேன். போனில் பேசினால் “சாப்ட்டியா கண்ணு”, “மழை பேஞ்சுதுங்களா”, “அப்பாவுக்கு சுகர் எப்படி இருக்குது”. பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மூன்றையும் கேட்டு முடித்தால் போனை வைத்துவிட வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் உடன்பிறப்புக்கு மரியாதை இல்லாமல் போய்விடவில்லை. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் பொறந்தவள் இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா மகள் யாராவது வந்து நிற்க வேண்டும். என் கல்யாணத்திலும் அக்காதான் இணைச்சீர்காரி. பட்டுச் சேலையும் நகையுமாக மேடையில் என்னோடு நின்றார், ஊரே பார்த்தது, போட்டோ இருக்கிறது. மறுநாளிலிருந்து மறுபடியும் அந்த மூன்று கேள்விகள்தான். சீர், உறவை ஊருக்குச் சொல்லும். உட்கார்ந்து பேச விஷயம் கொடுக்காது.

விஷயம் வந்தது ஆஸ்பத்திரியில். அப்பாவைக் கோவையில் சேர்த்திருந்தோம். ராத்திரி வராண்டாவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்குத் தூக்கம் வராத நேரங்களில் பைக்கில் லடாக் போகிறவர்களின் வீடியோ பார்க்கும் பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணாலியிலிருந்து லடாக்கின் லே நகரத்துக்குப் போகும் வழியில் பாங் என்ற இடத்தைத் தாண்டினால் மோரே சமவெளி வரும். சுமார் 4,700 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கெட்டிய வரை மட்டமாகக் கிடக்கும் நிலம். அதில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தார். “ஏந் தம்பி, ஒரு மரத்தைக் காணோம், செடியைக் காணோம். அதுக என்னத்தத் திங்கும்?”

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன், ஆட்டை நான் கவனித்ததே இல்லை. இரண்டு பேரும் தேடிப் படித்தோம். அது சாங்தாங் பீடபூமி. சாங்பா என்னும் நாடோடி மக்கள் அங்கே ஆடும், யாக் என்னும் சடைமாடும் மேய்க்கிறார்கள். யாக் மயிரில் நெய்த கூடாரம்தான் வீடு. பஷ்மினா சால்வை என்று விலை வைத்து விற்கிறார்களே, அது அந்த ஆட்டின் உள்மயிர். மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிற குளிரில் உயிர் பிழைக்க அந்த ஆட்டுக்கு முளைக்கும் கம்பளி. புல் தீர்ந்தால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இது அக்காவுக்கு ஏன் பிடித்தது என்று காங்கேயத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அந்தப் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். உழாமல் விட்டு, மாட்டைப் பகுதி மாற்றி மாற்றி மேயவிடுவார்கள். மழை குறைவான ஊரில் காங்கேயம் மாடு பிழைத்துக் கிடப்பது அந்தக் காட்டை நம்பித்தான். இதெல்லாம் எனக்குப் பேராகத் தெரியும். எந்த மாசம் எந்தப் புல் காயும், வேலியில் எங்கே சந்து விழும் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி அவர் பேசினார், நான் கேட்டேன். அதற்கு முன்னால் அக்கா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

அப்பா வீடு திரும்பிய பிறகும் இது நிற்கவில்லை. பால் கறந்து முடித்த கையோடு போன் வரும். “தம்பி, அந்த லே போற ரோடு இப்ப தொறந்துட்டாங்களா?” நேரில் போய்ப் பார்ப்பது வரை பேச்சு வந்தது. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவதாகத்தான் நான் முதலில் சொன்னேன். “பின்னாடி உக்காந்துட்டு வர்றதுக்கு நான் ஏன் அத்தன தூரம் வரோணும்?” என்றார். தப்பில்லை. தினமும் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு, மண் தடத்தில் சொசைட்டிக்குப் போகிறவர். பாரம் கட்டி வண்டி ஓட்டுவதில் நான் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். மணாலி வழியில் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் பங்க் ஒன்று; அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே போர்டு வைத்திருந்தார்கள். கூடுதல் பெட்ரோலைக் கேனில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நான் இதைப் பெரிய சாகசமாகச் சொன்னேன், அக்கா சிரித்தார். கியர் வண்டி மட்டும்தான் அவருக்குப் புதுசு. மாமாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் பழகிவிட்டார்.

திட்டம் போடுவதில் எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற ஆனந்தம் பயணத்தில் கிடைக்குமா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637. லே நகரத்தில் தரையே 3,500. அதனால் உடம்பு உயரத்துக்குப் பழக, லேயில் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும், தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனால் கீழே இறங்கிவிட வேண்டும் என்கிறார்கள். மணாலி வழியாகப் போகிறவர்கள் பாதி வழியில் சார்ச்சுவில் கிட்டத்தட்ட 4,300 மீட்டரில் படுக்கிறார்கள். அங்கேதான் பலருக்கு உடம்பு படுத்துகிறது. ஸ்ரீநகர் வழி கொஞ்சங்கொஞ்சமாக ஏறும், கார்கில் 2,700 மீட்டர்தான். ஆகவே ஸ்ரீநகரில் ஏறி மணாலியில் இறங்குவது என்று முடிவு. கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ராவுக்குப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஈரோடு வழியாகத்தான் போகிறது. வண்டியைப் பெட்ரோல் வடித்துப் பார்சலில் போடலாம். 2025 ஜூனிலிருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் ரயில் விட்டுவிட்டார்கள், செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே பாலம். அந்தப் பாலத்தின் மேல் ரயிலில் போயே ஆக வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. வண்டி எப்படி வரும் என்று கேட்டேன், அதை நீ பார்த்துக்கொள் என்றார்.

லேவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்துங் லா என்ற மலைக் கணவாய் பற்றிய விவாதமும் சொல்ல வேண்டும். அங்கே 18,380 அடி என்றும், வண்டி போகும் சாலைகளில் உலகத்திலேயே உயரமானது என்றும் ரொம்ப காலம் போர்டு வைத்திருந்தார்கள். ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்களுக்கு வந்தது 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிகூட இல்லை. “சந்தையில தரகன் சொல்ற பால் கணக்காட்டம் இருக்குது” என்று அக்கா முடித்துவிட்டார். 2021இல் கின்னஸ் பதிவு வாங்கிய உம்லிங் லா சாலை நிஜமாகவே 19,024 அடி. அங்கே போவோமா என்றால், புல் இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்கிறார்.

மலை ஏறிப் பழக வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஆளுக்கொரு வண்டி. ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது, நிறுத்தினோம். கீழே ஆழியாறு அணை. “இதுதானுங்களாக்கா உங்க தண்ணி?” என்று கேட்டேன். இல்லை என்று ஆரம்பித்தார். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் வரும் தண்ணீர் திருமூர்த்தி அணையிலிருந்து வருவது. மேற்கே ஓடும் ஆறுகளைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர். பாசன நிலத்தை நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் விடுகிறார்கள். இவர்கள் தோட்டம் கடைமடை. முறை வந்தாலும் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் உண்டு.

அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், கல்யாணமான புதிதில் கிணறு வற்றிப்போன ஒரு கோடையைப் பற்றிச் சொன்னார். மாட்டை விற்றது, நகையை வைத்தது, பொறந்த ஊட்டில் யாருக்கும் சொல்லாமல் இருந்தது. அந்த வருஷம் நோம்பிக்கு வந்து என் கையில் பணம் வைத்துவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “அப்ப ஏனுங்க்கா சொல்லல?” என்றேன். “யாருகிட்டச் சொல்றது? நீ அரைடவுசர் போட்டுட்டுத் திரிஞ்ச” என்றார். அப்புறம் வரையாடு தெரிகிறதா என்று பாறைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நேருக்கு நேர் உட்கார்ந்து “உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கக்கா” என்று நான் கேட்டிருந்தால் அந்தக் கதை வந்திருக்காது. நம் வீடுகளில் அப்படிக் கேட்டால் முதலில் “என்னாச்சு, காசு ஏதாச்சும் வேணுமா” என்றுதான் பதில் வரும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது: அண்ணனோடு குடும்பத்தைப் பற்றிப் பேசி நெருங்கப் பார்க்காதீர்கள். அங்கே அவர் என்றைக்கும் மூத்தவர், நீங்கள் என்றைக்கும் சின்னவர். இரண்டு பேருக்குமே புதுசாக இருக்கிற ஒன்றைப் பிடியுங்கள். லடாக்தான் வேண்டுமென்றில்லை. பழைய ரேடியோ ரிப்பேராக இருக்கலாம், பறவை பார்ப்பதாக இருக்கலாம். ஆனால் தூரமான, செலவு பிடிக்கிற, உடனே நடக்காத ஒன்றாக இருந்தால் பேச்சு நீளும். இதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அண்ணனுக்கு எதில் ஆர்வம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் போனில் ஓடுவதை அவர் எட்டிப் பார்க்கிற மாதிரி பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

எப்போது போகிறோம் என்று கேட்பீர்கள். மாமாவுக்கு ஆட்சேபணை இல்லை, “பாலை யாரு கறப்பா” என்று மட்டும் கேட்டிருக்கிறார். என் மனைவி, அக்கா வந்தால் போய்வா, தனியாகப் போகாதே என்கிறாள். மருமகனுக்குப் பிளஸ் டூ முடிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. வழி தெரியாமல் நிற்பது மாசத்தில்தான். எனக்குச் செப்டம்பர்: பனி உருகி வரும் ஓடைகள் வற்றியிருக்கும், வானம் தெளிவாக இருக்கும், ஷிப்மென்ட் நெருக்கடியும் அப்போது எனக்குக் குறைவு. அக்காவுக்கு ஜூலை: அப்போதுதான் சாங்தாங்கில் புல் பச்சையாக இருக்கும், பார்க்க வந்ததே அதைத்தானே என்கிறார். மத்தியானத்துக்கு மேல் வெயிலில் பனி உருகி ஓடைத் தண்ணீர் ஏறும், வண்டி மாட்டிக்கொள்ளும் என்று சொன்னால், “அப்ப வெடியால நேரத்துல தாண்டிக்கலாம், நான் எந்திரிக்காத நேரமா?” என்கிறார். ஜூலையில் மோரே சமவெளி வழியாகப் போய்வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், புல் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். ஓடையைப் பற்றியும் சொல்லுங்கள், அக்காவிடம் காட்ட வேண்டும்.