"என்.ஜி.ஓ காசு வருதோ?" எண்டு கேக்கினம்

கேள்வி: அண்ணா, நாங்க ஏழு பேர் ஞாயிறு காலமையில திருகோணமலை டச்பே கடற்கரையில பிளாஸ்டிக் பொறுக்கிறனாங்க. சாப்பாட்டுக் கடையில சோறு சுத்திற லஞ்ச் சீட் (மெல்லிய பொலித்தீன் தாள்) பாவிக்காதீங்க எண்டு சொன்னா "உங்களுக்கு எந்த என்.ஜி.ஓ காசு தருது?" எண்டு கேக்கினம். தோணிக்காரர் எங்கட மாமாவே எங்களைக் கண்டா முகத்தைத் திருப்பிறார். நாங்க சொல்றது பிழையா?
- வாசகி, திருக்கடலூர்

பதில்: பிழையே இல்ல தங்கச்சி. போன மாசம் கோட்டை வாசலடியில ஒரு மான் லஞ்ச் சீட்டில ஒட்டியிருந்த சோத்துப் பருக்கையை நக்கி நக்கி கடைசியில சீட்டையும் சேத்து விழுங்கினதை நான் நிண்டு பாத்தன், கத்திக் கலைச்சும் விடேல்ல, இண்டைக்கும் அது கண்ணுக்குள்ள நிக்குது. லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பர்லயே நாட்டில தடை வந்திட்டுது, சட்டம் உங்கட பக்கம்தான், ஆனா சட்டம் இருக்கெண்டு சனம் காது குடுக்காது.

2013ல டொரோண்டோ பல்கலைக்கழகத்தில நாடியா பஷீரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டவை. சூழலுக்காகப் போராடுற ஆக்களை சனம் சண்டைக்காரர், ஒரு மாதிரியான ஆக்கள் எண்டுதான் நினைக்குதாம். அதே விசயத்தை அப்பிடித் தெரியிற ஒராள் சொன்னா கேக்கிற மனம் குறையுதாம், சாதாரணமாத் தெரியிற ஒராள் சொன்னா கேக்குதாம். அங்கயே அப்பிடியெண்டா, எத்தினையோ பேர் வந்து போட்டோ எடுத்துப்போட்டுப் போன எங்கட ஊரில சனம் சந்தேகப்படுறதில என்ன புதினம்? எனக்கு அவையில கோவம் வரேல்ல.

எங்கட மாவட்டத்துச் சம்பூரை யோசிச்சுப் பாருங்க. இந்தியாவோட சேந்து அங்க நிலக்கரி அனல்மின் நிலையம் கட்ட இருந்தது, 2016ல அதைக் கைவிடுறம் எண்டு அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில சொல்லிச்சுது. வழக்குப் போட்ட சூழல்காரரும் பாடுபட்டவை, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா 2006ல இடம்பெயர்ந்து எத்தினையோ வருசம் முகாமில கிடந்துபோட்டு வந்த சம்பூர்ச் சனம், எங்கட காணி, எங்கட கிணறு எண்டு கதைக்கேக்க ஆர் அவையை என்.ஜி.ஓ எண்டு சொல்லுவினம்?

அதால கடைக்குப் போகேக்க ஒரே மாதிரி டீசேர்ட் போட்டுக்கொண்டு ஏழு பேரும் போகாதீங்க. சாப்பாடு வாங்கிற ஆளாப் போய் வீட்டுப் பாத்திரத்தை நீட்டுங்க. மாமாவுக்குப் புத்தி சொல்லவும் வேண்டாம், வலை இழுக்கேக்க மீனோட எத்தினை சொப்பின் பேக் வருது எண்டு மட்டும் கேட்டுப்போட்டு அவரைக் கதைக்க விடுங்க. அந்தக் கடைக்கு மீன் குடுக்கிறவர் அவரெண்டா, அவர் ஒருக்கா சொன்னாலே கடைக்காரர் கேப்பார்.