பதில்: மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது, படபடப்பு கூடுகிறது

செமஸ்டர் தேர்வு நெருங்குவதால் ஹாஸ்டலில் கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்ததாகவும், தலை சுற்றி விரல் நுனி மரத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தியானமே உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் மூச்சை அளவுக்கு மீறி இழுப்பதுதான் காரணம். பெரிது பெரிதாக, வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கிறுகிறுப்பும் மரமரப்பும் அப்படி வருபவை.

கட்டில் வேண்டாம், நாற்காலியில் உட்காருங்கள். மூக்கு வழியாக 4 விநாடி மெதுவாக இழுத்து, 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வயிறு லேசாக எழுந்தால் போதும், தோள் ஏறக் கூடாது. இடையில் மூச்சை அடக்கவே வேண்டாம். திணறினால் 3 இழுப்பு, 4 விடுதல் என்று தொடங்குங்கள். 5 நிமிடம் தாராளம்.

மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வருகிறதா? சிலருக்கு அப்படித்தான். மூச்சை அதன் போக்கில் விட்டு, கண்ணைத் திறந்தபடியே பாதத்தைக் கவனியுங்கள்: குதிகாலின் அழுத்தம், விரல்களின் அடிப்பகுதி, தரையின் குளிர்ச்சி. நடுவில் அரியர் பேப்பர் ஞாபகம் வரும். வந்தது தெரிந்ததும் பாதத்துக்குத் திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே.

சாயங்காலத்துக்குப் பிறகு காபியை நிறுத்துங்கள். பயிற்சி செய்யாதபோதும் தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தூக்கமே கெட்டு, மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.