ஹேட்ச்பேக் காருக்கும் மற்ற கார்களுக்கும் என்ன வித்தியாசம்?

"சின்னதாக இருந்தால் ஹேட்ச்பேக், நீளமாக இருந்தால் செடான், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. காரின் பின்பக்கம் போய் நின்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பின்கண்ணாடியும் கதவோடு சேர்ந்து மேலே எழும்பினால் அது ஹேட்ச்பேக். கண்ணாடி அசையாமல் நிற்க, அதற்குக் கீழே உள்ள மூடி மட்டும் திறந்தால் செடான்.

அளவை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு 1959இல் வந்த மினி என்ற காரே சாட்சி. சுமார் மூன்று மீட்டர் நீளம்தான். ஆனாலும் அதன் பின்கண்ணாடி திறக்காது, கீழே ஒரு சிறிய டிக்கி மூடி மட்டும் உண்டு. எனவே அது ஹேட்ச்பேக் ஆகாது. ஸ்கோடா ஆக்டேவியா காரோ பக்கவாட்டில் பார்த்தால் அசல் செடான். திறந்தால் கண்ணாடியோடு முழுக் கதவும் மேலே போகும். இந்தச் சாய்கூரை வகைக்கு லிஃப்ட்பேக் என்று பெயர். செடானின் தோற்றமும் ஹேட்ச்பேக்கின் வசதியும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்பது என் கருத்து.

கதவைவிட முக்கியம், உள்ளே இருக்கும் தடுப்பு. செடானில் பயணிகள் உட்காரும் இடத்துக்கும் டிக்கிக்கும் நடுவே வழக்கமாகத் தகட்டுத் தடுப்பு இருக்கிறது. ஹேட்ச்பேக்கில் அது கிடையாது. இரண்டும் ஒரே அறை, நடுவில் இருப்பது பின் இருக்கையின் சாய்மானமும் சாமானை மூட மேலே ஒரு பார்சல் தட்டும்தான். நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

முதலில் நல்லது. தட்டை எடுத்துவிட்டுச் சாய்மானத்தை மடக்கினால், கூரை வரைக்கும் இடம் கிடைக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றிய சைக்கிள், உயரமான அட்டைப்பெட்டி, செடித்தொட்டி எல்லாம் உள்ளே போகும். இருக்கை 60:40 என்று பிரிந்து மடங்கினால், ஒருபுறம் நீளமான பொருளை நீட்டிவிட்டு மறுபுறம் ஆட்கள் உட்காரலாம். டிக்கியின் கொள்ளளவாக விளம்பரத்தில் சொல்லும் லிட்டர் கணக்கில் செடான் பல நேரம் ஜெயித்துவிடும். ஆனால் பெரிய பெட்டிக்கு லிட்டரைவிடத் திறப்பின் அகலமும் உயரமும்தான் முக்கியம். ஹேட்ச்பேக்குகளிலும் லிட்டரை ஒப்பிடும்போது, பார்சல் தட்டு வரை அளந்ததா, கூரை வரை அளந்ததா என்று கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு எண்கள்.

இனி குறைகள். பின்சக்கரங்களின் இரைச்சலும் டிக்கியில் வைத்த பொருளின் வாடையும் நேராக உள்ளே வரும். பின்னால் அவ்வளவு பெரிய திறப்பு இருப்பதால், உடற்கூட்டின் விறைப்புக்குக் கூடுதல் வலுவூட்டல் தேவைப்படுகிறது. செடானில் அந்தத் தடுப்பே பாதி வேலையைச் செய்துவிடும். பின்கண்ணாடி விரைவில் அழுக்காவதும் உண்டு. கூரை சட்டென்று முடிந்துவிடுவதால் காற்று அங்கே சுழன்று, சக்கரம் கிளப்பும் தூசியையும் நீரையும் கண்ணாடியில் அப்புகிறது. அதனால்தான் பல ஹேட்ச்பேக்குகளில் பின் வைப்பர் இருக்கிறது. வாங்கப்போகும் மாடலில் அது இல்லையென்றால், அது இருக்கும் மாடலுக்குப் போய்விடுங்கள். மழையில் அதன் அருமை தெரியும்.

இந்த வடிவம் பரவியதற்கு முன்சக்கர இயக்கம் பெரிய காரணம். எஞ்சினும் கியர் பெட்டியும் முன்னாலேயே அடங்கிவிட்டால், பின்சக்கரத்தைச் சுழற்ற காருக்கு அடியில் தண்டு போகவேண்டியதில்லை. தரையைத் தாழ்வாகவும் சமமாகவும் அமைக்க முடிகிறது. 1961இல் வந்த ரெனோ 4 அப்படிப்பட்டது. எண்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. 1974இல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜெத்தோ ஜுஜாரோ வடிவமைத்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்பகுதியையும் சுருக்கியது. இன்றும் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகள் அதே அமைப்பில்தான் இருக்கின்றன.

ஸ்டேஷன் வேகனிலும் எஸ்யூவியிலும்கூடக் கண்ணாடி மேலே எழும்புமே என்று கேட்கலாம். எழும்பும். வேகனில் கூரை பின்சக்கரத்தைத் தாண்டி நீண்டு, சாமான் பகுதிக்கென்று தனிப் பக்கக் கண்ணாடியும் இருக்கும். எஸ்யூவிகளில் பல, ஹேட்ச்பேக்கின் அதே அடித்தளத்தில் உயர்த்திக் கட்டியவை. ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃபும் அதன் டிகுவான் எஸ்யூவியும் அப்படித்தான். தரையிலிருந்து உயரமும், ஏறி இறங்கும் வசதியும் கூடும். எடையும் காற்றுத் தடையும் கூடுவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். கரடுமுரடான பாதை அன்றாடம் இல்லாதவர்களுக்கு நான் ஹேட்ச்பேக்கையே சொல்வேன்.

எதை வாங்கினாலும், தடுப்பு இல்லாத காரில் சாமானைச் சாய்மானத்தின் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். கனமானதைக் கீழே, சாய்மானத்தை ஒட்டி வைத்து, தரையில் இருக்கும் கொக்கிகளில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால், திடீரென்று பிரேக் அடிக்கும்போது அது முன்னால் பறந்து வரும்.