கத்தரியை எப்போது பிடுங்குவது?

அன்புள்ள ஐயா,

பக்கவாதம் பற்றிய கட்டுரையில், ரத்தம் நின்றுபோன மூளை தன் நொதிகளாலேயே தன்னை அரித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவுக்கு ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட நான்தான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் தலைக்குள் ரத்தக் கசிவு. அந்த நொதிகளை முதலிலேயே மருந்து கொடுத்து நிறுத்திவிட முடியாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

'அரித்துக்கொள்கிறது' என்று நான் எழுதியது கொஞ்சம் அவசரம்தான். இவை புரதத்தை வெட்டும் நொதிகள், கத்தரி மாதிரி. நல்ல நாளிலும் மூளைக்கு இவை வேண்டும்.

நரம்பணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. அதை வெளியிலேயே நிறுத்திவைக்க ஓயாமல் சக்தி செலவாகிறது. ரத்தம் நின்றால் சக்தி தீர்ந்து, கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்பெய்ன் என்ற கத்தரி விழித்துக்கொள்வது அப்போதுதான். அணுச்சவ்வுக்கு உள்பக்கம் சாரம் கட்டினாற்போல் நிற்கும் ஸ்பெக்ட்ரின் புரதத்தை அது துண்டு போடுகிறது.

உங்கள் அப்பாவின் கசிவோடு அதிகம் தொடர்புள்ளது இன்னொன்று: எம்எம்பி-9. இதன் வெட்டும் இடத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. சாதாரண நாளில் நொதியின் ஒரு துண்டே அதை உறைபோல் மூடியிருக்கும். பக்கவாதத்தில் உறை கழல்கிறது. போதாததற்கு, ஓடிவரும் வெள்ளணுக்கள் இதே நொதியைப் பையில் கட்டிக்கொண்டு வருகின்றன. ரத்தக்குழாயைத் தாங்கும் கொலாஜன் படலம் வெட்டுப்படுகிறது. முதலில் நீர் கசிந்து மூளை வீங்கும். சுவர் மேலும் இற்றால் சிவப்பணுக்களே வெளியே வந்துவிடும்.

சரி, நிறுத்திவிடலாமே? விலங்குச் சோதனைகளில் முதல் சில மணி நேரத்துக்குள் தடுத்தபோது சேதம் குறைந்தது. ஆனால் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து 7 நாள் கழித்து இதே வகை நொதிகளைத் தடுத்த எலிகள் இன்னும் மோசமாயின. புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய் வழி வெட்டிக்கொண்டு போவதும் இந்தக் கத்தரியால்தான். ஆக, முதல் நாள் பிடுங்கி அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த நோயாளிக்கு எந்த நாளில் என்று சொல்லத் தெரியாதவரை அது மருந்தாகாது. புற்றுநோய்க்காக இவ்வகைத் தடுப்பான்களைச் சோதித்தபோது மூட்டுவலி வேறு வந்து படுத்தியது.

அப்புறம், நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி, அந்தக் கையெழுத்து. அந்த ஊசியும் ஒரு கத்தரிதான். கட்டியைக் கரைப்பதோடு எம்எம்பி-9ஐயும் தூண்டக்கூடியது என்பது உண்மை. 1995இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், முதல் 36 மணி நேரத்தில் நோயாளியின் நிலையை மோசமாக்கிய மூளைக் கசிவு ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6 சதவீதம். அதே சோதனையில், மூன்று மாதத்தில் ஊனம் அனேகமாக இல்லாமல் தேறியவர்கள் ஊசி போட்டவர்களிடையேதான் அதிகம். இறப்பும் அவர்களிடையே கூடவில்லை. ஊசியே போடாவிட்டாலும் பெரிய பக்கவாதத்தில் கசிவு வருவதுண்டு. அன்று அந்தக் காகிதம் என் முன்னால் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.