தாழ்ப்பாளை நீங்கள் போடுங்கள்

கேள்வி: 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலுக்குப் போன என் கணவர் கரை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும்போது, நான் ஏற்றுவதற்கு ஒரு குழி இல்லை. பூசைக்குப் போனாலும் மனசு ஒட்டவில்லை. என்றாவது வந்துவிடுவார் என்று ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. மகன் வாசல்படி ஓரம் பாயை விரித்துப் படுத்துக்கொள்வான். அப்போது அவனுக்கு ஏழு வயது, இப்போது பத்தாம் வகுப்பு. கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?
- ஒரு வாசகி, தூத்தூர் பக்கம்

பதில்: சகோதரி, நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் மகனைப் பற்றி இரண்டே வரி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவன் ஏன் வாசலில் படுக்கிறான் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? காற்றுக்காகவா? கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே அம்மா தனியாக இருக்கிறாள். 'இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பிள' என்று துக்கத்துக்கு வந்தவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் கரையில் எத்தனை வீட்டில் கேட்ட பேச்சு! பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டான். இத்தனை வருடமாகக் காவல் இருக்கிறான்.

கோபப்பட்டாலும் பரவாயில்லை, சொல்கிறேன்: இது தப்பு. சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசு தாயை நினைத்தார். யாரிடம் ஒப்படைத்தார்? வளர்ந்த ஒரு சீடரிடம். நீங்களோ உங்களை ஒரு சின்னப் பையனிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். பிள்ளைக்குத்தான் தாய் காவல்.

'கடவுள் ஏன்' என்பதை அவரிடமே கேளுங்கள். திருப்பாடல் 88ஐச் சத்தமாக வாசியுங்கள். புலம்பித் தொடங்கும் பாடல்கள் பெரும்பாலும் புகழ்ச்சியில் போய் முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. அதுவும் விவிலியத்தில்தான் இருக்கிறது. மனசு ஒட்டாமல் செபமாலை உருட்டுவதைவிட அது நேர்மையான செபம்.

அப்புறம், கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதை நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்றுதான் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதினார். அழவே கூடாது என்று எழுதவில்லை. இறுதித் தீர்ப்பு நாளைக் காட்டும்போது, கடல் தன்னிடமிருந்த இறந்தோரை ஒப்படைத்தது என்கிறது திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரம். கடலோரத்துப் பெண்ணுக்கு இதைவிட என்ன வாக்கு வேண்டும்? உங்கள் கணவரை அங்கே எதிர்நோக்குங்கள், வாசல்படியில் வேண்டாம்.

வரும் நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். அவன் அழுதால் தடுக்காதீர்கள். ஏழு வயதில் அழாத அழுகை அது. அன்றைய பூசையில் கணவர் பெயரை வாசிக்கச் சொல்லி, பங்குச் சாமியாரிடம் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. இன்று ராத்திரியே அவன் பாயை உள்ளே இழுத்துப் போடுங்கள். தாழ்ப்பாளை அவனைப் போடச் சொல்லாதீர்கள், நீங்கள் போடுங்கள். முதல் சில நாள் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் தூங்கும்வரை நீங்கள் விழித்திருங்கள்.